அடித்த பிறகும் வந்தது

கப்பலில் அவரை எல்லோரும் டமாரம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலகக் காகிதங்களில் தூங்கிக்கொண்டிருந்தது. துப்பாக்கிக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறவனுக்குக் காது மந்தமாகும், காது மந்தமானவனுக்குத் தொண்டை பெரிதாகும், அது ஊர் வழக்கம்தான். ஆனால் இவர் காதோடு காதாக ஒரு ரகசியம் சொன்னால், மூன்று அறை தள்ளிப் படுத்திருப்பவன் "அப்படியா சங்கதி?" என்று எழுந்து உட்காருவான். வாய்ச்சவடாலுக்கும் குறைச்சல் இல்லை. அதை அவர் மனைவியே சொல்லுவாள், அதுவும் அவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே.

அவர் மெக்கானிக். போர்க்கப்பலின் பின்பக்கம், ஹெலிகாப்டர் கொட்டகையின் கூரைமேல் நின்ற துப்பாக்கி அவர் பொறுப்பு. ஆறு குழல்கள் ஒன்றாகச் சுழலும். தலையில் வெள்ளைத் தொப்பி மாதிரி ஒரு கூண்டு, அதற்குள் ராடார். கடல்மட்டத்தை ஒட்டி ஏவுகணை ஏதாவது வந்தால் தானே பார்க்கும், தானே குறிவைக்கும், தானே சுடும், குண்டு எங்கே போகிறது என்று பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். மனிதன் செய்யவேண்டியதெல்லாம் அதற்குக் குண்டு ஊட்டுவதும் எண்ணெய் போடுவதும் உப்புக்காற்றிலிருந்து காப்பாற்றுவதும்தான். டமாரம் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டார். சொந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டரிடம் போக நேரமில்லை என்ற மனிதர், துப்பாக்கியின் ஒரு ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கிறது என்று விடுமுறையில் பாதியில் ஓடினார். அவர் மனைவி அதை இன்னும் மறக்கவில்லை.

துப்பாக்கிக்கு அவர் வைத்த பெயர் மூத்த மாப்பிள்ளை. "வருஷம் பூரா எண்ணெய் தேய்ச்சு, துடைச்சு, மேல உக்கார வெக்கணும். வேலைன்னு வந்தா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சிரும். அப்புறம் மறுபடியும் சாப்பாடு கேக்கும்" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். இளைய மாப்பிள்ளை கீழே இருந்தார். கொட்டகைக்குக் கீழே ஒரு தளம் இறங்கினால் சமையற்கூடம். அங்கே தலைமைச் சமையற்காரர் டமாரத்தின் தங்கை கணவர்.

இந்தச் சமையற்காரரைப் பிடித்துக்கொண்டு வந்து தங்கைக்குக் கட்டிவைத்தவரே டமாரம்தான். வாட்டசாட்டமான ஆள். அதிர்ந்து பேசமாட்டார், கரண்டியைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பார். கடல் கொந்தளித்துக் கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டிருக்கும்போது, அண்டாவை இடுப்புயரக் கம்பியோடு கட்டிவைத்துச் சூப் காய்ச்சுவார். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே கப்பலில் இருப்பது நல்லதல்ல என்று தங்கை முதலில் முணுமுணுத்தாள். ஒரே குண்டில் இரண்டு வீடும் போய்விடுமே என்பது அவள் பயம். அந்தப் பயத்தை எடுத்து வெளியே வீசியவரும் டமாரம்தான்.

அது குடும்பங்கள் கப்பலைப் பார்க்க வரும் நாளில் நடந்தது. ஆண்டுக்கொரு தடவை மனைவிமார் எல்லாம் வழுக்காத செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். டமாரத்துக்கு மைக் தேவையில்லை. துப்பாக்கியின் காலடியில் நின்று, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை அறிமுகப்படுத்துகிறவர் போல அதன் பெருமையை அளந்துகொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து தங்கை கேட்டாள்:

"அண்ணா, இதையும் தாண்டி ஏதாவது வந்துருச்சுன்னா?"

"இதைத் தாண்டியா? ஈ வரும், கொசு வரும். வேற எதுவும் வராது."

"கொசுவையும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு மச்சான், அடுப்படியில நிக்க முடியல" என்று சமையற்காரர் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார். மொத்தக் கூட்டமும் சிரித்தது. தங்கையும் சிரித்தாள். அன்றைக்கே அவள் பயம் பாதி போய்விட்டது.

டமாரம் பொய் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். பொய்யென்று தெரிந்து சொல்லியிருந்தால் நாலு திட்டு திட்டி ஆளை ஒதுக்கிவிடலாம். மனிதர் மனதார நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்? பதினைந்து வருஷமாகப் பயிற்சியில் தன் கண்ணால் பார்த்தது அதுதானே. ஒரு விமானம் நீளமான கம்பியில் ஒரு இலக்கை இழுத்துக்கொண்டு வரும். சில சமயம் ஆளில்லாத சின்ன விமானத்தையே இலக்காக அனுப்புவார்கள். துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம், தூரத்தில் புகை, இலக்கு தூள். எல்லோரும் கைதட்டுவார்கள்.

ஆனால் அந்த இலக்கு ஒருநாளும் கப்பலை நோக்கி நேராக வந்ததில்லை. குறுக்கே போகும், பக்கவாட்டில் போகும். நேராகக் கப்பலின்மேல் விட்டால், அடித்த பிறகு துண்டுகள் கப்பலில் விழுந்து ஆளைக் கொன்றுவிடும் என்பதால் விதியே அப்படி. பாருங்கள், எவ்வளவு முன்ஜாக்கிரதை! பயிற்சியில் துண்டு விழுந்து ஆள் செத்துவிடக் கூடாது என்று விதி எழுதியவர்களுக்கு, சண்டையில் அதே துண்டு எங்கே போய் விழும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாயைத் திறக்கவில்லை.

அதைவிடக் கொடுமை அவர்களுடைய ஒத்திகை. அபாய மணி அடித்ததும் எல்லோரும் இருக்கிற இடத்திலேயே தரையில் குப்புறப் படுக்கவேண்டும், கப்பல் சுவரைவிட்டுத் தள்ளி, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு. துப்பாக்கி சுட்டு முடித்ததும் அதற்குக் கீழேயுள்ள சின்ன அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் டமாரத்துக்குத்தான் முடிவு முதலில் தெரியும். அதனால் கேப்டன் மைக்கை அவரிடமே கொடுத்துவிட்டார். குரலும் வாகான குரல். அவர் "அடிச்சாச்சு, எந்திரிங்க" என்று சொன்னதும் எல்லோரும் எழுந்து வேலையைப் பார்க்கவேண்டும்.

எழுந்திருக்கிற வேகத்தைத்தான் கேப்டன் அளந்தார். படுக்கிற வேகத்தை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. அடி விழுந்தாலும் கப்பலின் ஓட்டம் நிற்கக்கூடாது, அடுத்த ஏவுகணை வருவதற்குள் ஒவ்வொருவனும் தன் இடத்தில் நிற்கவேண்டும் என்பது அவர் கட்சி. மற்ற கப்பல்களோடு இதில் ஒரு போட்டியே நடந்தது. இந்தக் கப்பலில் எப்போதும் முதலில் எழுந்தது சமையற்கூடம். அடுப்பில் இருப்பது யாருக்காகவும் காத்திருக்காது என்று சமையற்காரர் சொல்லுவார். டமாரத்தின் குரல் கேட்ட மறுநொடி அவர் ஆட்கள் கரண்டியும் கையுமாக நிற்பார்கள், ஒருவனைத் தவிர. அந்த ஒருவன் பெயர் தூங்குமூஞ்சி. நாற்பது வயதைத் தாண்டிய உதவிச் சமையற்காரன். படுத்தால் படுத்ததுதான். அவனால் சமையற்கூடத்துக்குக் கெட்டபெயர் வருகிறது என்று சமையற்காரர் அவனை முறைக்காத நாளில்லை.

பக்கத்து நாட்டோடு வாய்த்தகராறாக ஆரம்பித்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைகலப்பாகிவிட்டது. எண்ணெய்க் கப்பல்களுக்குக் காவலாகப் போகும்படி இவர்கள் கப்பலுக்கு உத்தரவு வந்தது. தங்கை துறைமுகத்துக்கு வந்து இருவரையும் வழியனுப்பினாள். கணவரிடம் சட்டைப்பொத்தான் ஒன்று தொங்குகிறது, தைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள். அண்ணனைப் பார்த்து, "பார்த்துக்கோண்ணா" என்றாள்.

"நான் இருக்கேன்ல" என்றார் டமாரம்.

நடந்தது பட்டப்பகலில். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள், சாயங்காலத்துக்கு ரொட்டி வெந்துகொண்டிருந்தது. மணி அடித்தது. இது ஒத்திகை இல்லை என்று ஒலிபெருக்கி சொன்னது. டமாரம் துப்பாக்கிக்குக் கீழேயிருந்த அறையில், தலைக்கு மேலே மூத்த மாப்பிள்ளை கழுத்தைத் திருப்பும் சத்தத்தைக் கேட்டார். தொலைவிலேயே மறிப்பதற்காகக் கப்பலின் சொந்த ஏவுகணை ஒன்று போனது. தவறிவிட்டது. எதிரி ஏவுகணை அலையை உரசிக்கொண்டு கப்பலின் பின்பக்கத்தை நோக்கி நேரே வந்தது. இனி துப்பாக்கிதான்.

துப்பாக்கி சுட்டது. அறையே அதிர்ந்தது. திரையில் ஒற்றைப் புள்ளியாக வந்துகொண்டிருந்தது சிதறிப்போனது. பதினைந்து வருஷம் எண்ணெய் போட்டதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று டமாரத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. மைக்கை எடுத்தார்.

"அடிச்சாச்சு! அடிச்சாச்சு, எந்திரிங்க!"

வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் சொன்னதில்லை. சொல்லி முடித்து மைக்கை மாட்டுவதற்குள் கப்பல் பக்கவாட்டில் உதைபட்டதுபோல ஆடியது. ஏவுகணை செத்துத்தான் போயிருந்தது. ஆனால் அதன் என்ஜினுக்கும், எரியாத எண்ணெய்க்கும், கிழிந்த தகடுகளுக்கும் தாங்கள் செத்துப்போனது தெரியாது. எந்த வேகத்தில் வந்தனவோ கிட்டத்தட்ட அதே வேகத்தில் மிச்சத் தூரத்தையும் வந்து சேர்ந்துவிட்டன. ஓடுகிற பஸ்ஸின் டிரைவர் மாரடைப்பில் சாய்ந்துவிட்டால் பஸ் அங்கேயே நின்றுவிடுமா? எதிரே இருக்கிற கடைக்குள் போய்த்தான் நிற்கும். இங்கே எதிரே இருந்தது சமையற்கூடம்.

டமாரம் இறங்கி ஓடினார். சமையற்கூடத்தின் இரும்புக் கதவில் கை வைக்க முடியவில்லை. தீயை அணைத்துக் கதவைத் திறந்தபோது உள்ளே இருந்தவர்களில் தூங்குமூஞ்சி ஒருவன்தான் உயிரோடு இருந்தான், அவனுக்கும் இரண்டு கையும் வெந்திருந்தது. கப்பல் மூழ்கவில்லை. சொந்த என்ஜினில், சொந்த நாட்டுக் கொடியோடு, கம்பீரமாகவே துறைமுகத்துக்கு வந்தது. ஏவுகணையைக் கப்பல் வெற்றிகரமாக அழித்தது, சிறிய அளவில் சேதம் என்று செய்தியில் சொன்னார்கள். சிறிய அளவு! சொன்னவன் தலையில் கொள்ளிவைக்க என்று டமாரத்தின் மனைவி தொலைக்காட்சியை அணைத்தாள்.

மூடிய பெட்டி வந்தது. தங்கை அதன் பக்கத்தில் நின்றாள். டமாரம் பக்கத்தில் போய் நின்றதும் நகர்ந்து எதிர்ப்பக்கம் போய்விட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, ஒரு பார்வை இல்லை.

அக்கம்பக்கத்தில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "துப்பாக்கி கடைசி நேரத்துல வேலை செய்யலையாமே" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் மாடிப்படியில் சொன்னதை டமாரத்தின் மந்தக் காதும் பிடித்துக்கொண்டது. தங்கையும் அதைத்தான் நம்புகிறாள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். தன் துப்பாக்கி ஏமாற்றிவிட்டது, அதாவது தான் ஒழுங்காகப் பராமரிக்கவில்லை, அதாவது தானே மாப்பிள்ளையைக் கொன்றுவிட்டோம் என்று அவள் நினைக்கிறாள். இந்த நினைப்பு அவரைப் படுக்கவிடவில்லை. இரண்டு தடவை அவள் வீட்டுக்குப் போனார். உள்ளே தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை.

"சும்மா விடுங்களேன். அவளே ஒருநாள் பேசுவா" என்றாள் மனைவி.

"என் மேல தப்பு இல்லன்னு தெரியாம எப்படிப் பேசுவா?"

"தெரிஞ்சா மட்டும் பேசிடுவாளா?" என்றாள் அவள். டமாரம் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கடற்படை விசாரணை வைத்தது. துப்பாக்கியைக் கழற்றி, பாகம் பாகமாகப் பார்த்தார்கள். அது பார்த்தது, சுட்டது, குண்டு போன பாதை எல்லாமே அதன் வயிற்றுக்குள் பதிவாகியிருந்தது. டமாரம் கழுத்து இறுகிய புதுச் சட்டையோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டார்கள். துப்பாக்கியில் எந்தக் குறையும் இல்லை, பராமரிப்பு முதல் தரம், இலக்கு தாக்கப்பட்டது, வாழ்த்துகள் என்றார்கள். கையைக்கூடக் குலுக்கினார்கள்.

வெளியே வந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை செத்திருக்கும்போது சிரிக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் வந்தது. மனிதனுக்குத் தன் தலை தப்பியது என்றால் முதலில் அதுதான் தோன்றுகிறது, என்னத்தைச் சொல்ல. அந்தச் சந்தோஷத்திலேயே, கூட நடந்த ஆயுத அதிகாரியிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"அடிச்சது சரி சார். அப்புறமும் எப்படி வந்துச்சு?"

ஆயுத அதிகாரி நல்ல மனிதர், சிடுசிடுக்கத் தெரியாதவர். "அது வரத்தான் செய்யும்பா. இது கிட்ட வந்த பிறகு சுடற துப்பாக்கி. அவ்வளவு கிட்ட வெச்சு அடிச்சா உடைஞ்சதெல்லாம் நம்ம மேலதான் வரும். ரெண்டு ஒண்ணா வந்தா ஒண்ணைத்தான் பார்க்கும். கொஞ்ச நேரம் சுட்டா குண்டு காலி, மறுபடியும் ஊட்டறதுக்குள்ள கதை முடிஞ்சிரும். அதனாலதான தூரத்துலயே அடிக்க ஏவுகணை வெச்சிருக்கோம். இது கடைசிக் கதவு. கதவை உடைக்கறவன் கையில நாலு அடி போடலாம், அவ்வளவுதான்."

"இது உங்களுக்குத் தெரியுமா சார்?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானப்பா" என்றார் அதிகாரி, கொஞ்சம் ஆச்சரியமாக.

எல்லோருக்கும் தெரிந்தது! டமாரத்துக்குத் தெரியாது, சமையற்காரருக்குத் தெரியாது, கூரைமேல் நின்று சிரித்த மனைவிமாருக்குத் தெரியாது. அந்த எல்லோரும் யார் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் கோபப்படவும் இல்லை. ஏனென்றால் தங்கையிடம் சொல்ல அவருக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. தன் மேலும் தப்பில்லை, துப்பாக்கி மேலும் தப்பில்லை, தூரத்தின் மேல்தான் தப்பு. இதைச் சொன்னால் அவள் புரிந்துகொள்ளுவாள், பழையபடி அண்ணா என்பாள். விழுந்தடித்துக்கொண்டு போனார்.

இந்தத் தடவை கதவு திறந்தது. அவள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஒருத்திக்கு எதற்கு அவ்வளவு கிழங்கு என்று தெரியவில்லை. டமாரம் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். விசாரணை, பதிவு, முதல் தரம், கைகுலுக்கல், தூரம், துண்டுகள். நடுவில் குரல் உயர்ந்து பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"முடிச்சிட்டியா?" என்றாள்.

"துப்பாக்கி ஏமாத்தலம்மா. நான் ஏமாத்தல."

"துப்பாக்கி ஏமாத்துச்சுன்னு உன்கிட்ட யாரு சொன்னா?"

அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள்.

"போன மாசம் அந்தத் தூங்குமூஞ்சி வந்திருந்தாரு. ரெண்டு கையிலயும் கட்டு. நான்தான் டீயை வாயில ஊத்தினேன். எல்லாத்தையும் சொன்னாரு."

"என்ன சொன்னான்?"

"எல்லாரும் அடுப்புங்களுக்கு நடுவுல குப்புறப் படுத்திருந்தாங்களாம். எங்க வீட்டுக்காரரு முகத்தை மூடிக்கிட்டு, சரியா, நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே. அப்புறம் உன் குரல் கேட்டுச்சாம். 'மச்சான் சொல்லிட்டான், எந்திரிங்கடா'ன்னு முதல்ல எந்திரிச்சது அவருதானாம். ரொட்டி கருகுதுன்னு அடுப்புக்கிட்ட போயிருக்காரு. கூட இருந்தவங்களும் எந்திரிச்சாங்க. அந்த மனுஷன் ஒருத்தர்தான் சோம்பேறித்தனமா இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தாராம். அடுப்பு மறைச்சதால உசுரு இருக்கு. தகடு இடுப்பு உயரத்துக்கு மேலதான் கிழிச்சுக்கிட்டுப் போச்சுன்னாரு."

டமாரத்தின் வாய்க்கு, அத்தனை வருஷத்தில் முதல்தடவையாக, ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"அவரு துப்பாக்கியை நம்பலண்ணா. அது என்னன்னே அவருக்குத் தெரியாது. அவரு உன்னை நம்பினாரு."

"அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க" என்றார் டமாரம், கடைசியில். "திரையில சிதறினா உடனே சொல்லணும்னு உத்தரவு. எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியாது. சரி. தெரியாத நீ ஏன் அவ்வளவு சத்தமா சொன்ன?"

அவரை அவள் உட்காரச் சொல்லவில்லை. உரித்த கிழங்குகளைத் தண்ணீரில் போட்டாள். அவர் தானே கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு டமாரம் சில நாள் பித்துப்பிடித்தவர்போல இருந்தார். இரண்டு விஷயம் அவர் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்னும் கொஞ்சநேரம், ஒரு பெருமூச்சு விடும் நேரம், வாயை மூடியிருந்தால் மாப்பிள்ளை இருந்திருப்பார் என்பது ஒன்று. அடுத்த தடவையும் தான் அதையேதான் சொல்லப்போகிறோம் என்பது இன்னொன்று. முதலாவதற்கு மருந்து கிடையாது. இரண்டாவதற்காவது ஏதாவது செய்துவிட்டால் தங்கையின் முன்னால் போய் நிற்க ஒரு முகம் கிடைக்கும் என்று நினைத்தார்.

கேப்டனைப் போய்ப் பார்த்தார். சுட்ட பிறகும் ஆட்களைக் கொஞ்சநேரம் படுத்தபடியே வைத்திருக்கவேண்டும் என்றார். கேப்டன் பொறுமையாகத்தான் கேட்டார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா அதை ஒத்திகையில சேர்த்தா என்ன அர்த்தம்? துப்பாக்கி அடிச்சாலும் நாம சாவோம்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் நாமளே சொல்ற மாதிரி. அப்புறம் எவன் கப்பல்ல ஏறுவான்? விசாரணையிலயும் அப்படி ஒண்ணும் எழுதலையே."

"விசாரணையில யாரும் கேக்கலையே சார்."

"கேக்கலன்னா விடுங்க" என்றார் கேப்டன்.

கப்பலைப் பழுதுபார்த்தார்கள். சமையற்கூடத்துக்குப் புதுத் தகடு அடித்து, புது அடுப்பு வைத்து, பளபளவென்று வெள்ளைச் சாயம் பூசினார்கள். புதுச் சமையற்காரர் வந்தார். துறைமுகத்தை விட்டு வெளியே வந்த முதல் ஒத்திகையில், கரையிலிருந்து பெரிய அதிகாரிகள் இரண்டு பேர் பார்வையிட ஏறியிருந்தார்கள். மணி அடித்தது. எல்லோரும் படுத்தார்கள். வழக்கம்போலக் குறுக்கே போன இலக்கைத் துப்பாக்கி தூளாக்கியது. கப்பல் மொத்தமும் டமாரத்தின் குரலுக்காகக் காத்திருந்தது.

டமாரம் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். மாலுமிகள் தரையில் கிடந்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கி கெட்டுவிட்டதோ என்று மேலே எவனோ தட்டிப் பார்த்தான். கேப்டன் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார், அதட்டினார், பிறகு பெரியவர்கள் பக்கத்தில் நிற்பதையும் மறந்து வாய்க்கு வந்தபடி திட்டினார். டமாரம் அசையவில்லை. உடைந்ததெல்லாம் வந்து விழுந்து முடிந்திருக்கும் என்று தனக்குத் திருப்தியான பிறகுதான் "இப்போ எந்திரிங்க" என்றார், அதுவும் மெதுவாக.

அந்த வாரமே அவரைக் கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. துக்கத்தில் மனநிலை சரியில்லை, பாவம், நல்ல வேலைக்காரர் என்று இரக்கமாகவே பேசினார்கள். துறைமுகத்து உதிரிபாகக் கிடங்கில் போட்டார்கள். மின்விசிறி, மேஜை, ஆணி, நட்டு, போல்ட். சாயங்காலம் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். மனைவிக்கு நிம்மதி. தலையணையில் தலை வைத்துத் தூங்கினாள்.

டமாரத்துக்கும் ஒருவகையில் நிமிர்ந்து நடக்க முடிந்தது. தான் ஒன்றைச் செய்துவிட்டோம் என்று நினைத்தார். இதைத் தங்கையிடம் சொல்லவேண்டும்.

அவள் இப்போது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் லாண்டரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நீராவியும் சோப்பு வாசனையும் நிறைந்த நீளமான கூடம். ஒரு விரிப்பின் இரண்டு முனையை இவளும் மறு இரண்டு முனையை இன்னொரு பெண்ணும் பிடித்து, உதறி, மடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனைப் பார்த்ததும் அந்தப் பெண் டீ குடிக்கப் போனாள். ஆள் போய்விட்டதால் டமாரம் எதிர்முனையைப் பிடித்துக்கொண்டார். அவள் தடுக்கவில்லை.

விரிப்பை உதறிக்கொண்டே சொன்னார். கேப்டனிடம் போனது, மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தது, திட்டு வாங்கியது, இறக்கிவிட்டது. குரலை அடக்கித்தான் பேசினார். அவள் முழுவதும் கேட்டாள். மடித்ததை அடுக்கின்மேல் வைத்துவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள்.

"இப்போ மைக் யாருகிட்ட இருக்கு?" என்றாள்.

"புதுசா ஒருத்தன் வந்திருக்கான். நல்ல குரல்னு சொல்றாங்க."

"அவன் எப்போ சொல்றான்?"

டமாரம் விரிப்பின் முனைகளைச் சரியாகச் சேர்க்க முயன்றார். சேரவில்லை.

"சொல்லுண்ணா."

"சிதறின உடனே."

"எல்லாரும் எந்திரிக்கறாங்களா?"

"எந்திரிக்கறாங்க."

அவள் தலையாட்டினாள். அவர் கையிலிருந்த முனைகளை வாங்கி, தனியாகவே விரிப்பை மார்போடு அணைத்து மடித்தாள்.

"அப்போ நீ மட்டும் இறங்கி வந்துட்ட" என்றாள்.